மருந்து அளக்கும் மருமகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மாமனாரைப் பார்த்துத் தெருவே கேட்கும்படி ஒரு தடவை கத்தியிருக்கிறேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கு நான் இருந்த இருப்பில் ஊமைகூடக் கத்தியிருப்பாள். மாமாவிடம் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

நான் விருதுநகர்க்காரி. வத்தல் மண்டிகளுக்குப் பின்புறத் தெருவில் பிறந்தேன். மூட்டை ஏற்றி இறக்குகிற நாட்களில் தெருவே தும்மும். கணக்குப் பாடத்தைத் தும்மிக்கொண்டே போட்டு வளர்ந்தவள் நான். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வரவில்லை, மூக்கு வழியாகத்தான் வந்தது. பிறகு மதுரையில் இயற்பியல் படித்து, அங்கேயே ஆராய்ச்சிக்கும் சேர்ந்தேன். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் கீழே உள்ள காற்றில் என்னென்ன வாயு இருக்கிறது என்று அளக்கிறதே, அது சொல்வது சரிதானா என்று பார்ப்பது என் வேலை.

இரண்டாயிரத்து நாலில் அப்படி ஒன்றை மேலே அனுப்பியிருந்தார்கள். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நம் தலைக்கு மேலே போகும். அது எதையும் முகர்ந்து பார்ப்பதில்லை. பூமியில் பட்டு மேலே திரும்பிப் போகும் வெயிலைப் பார்க்கிறது, அவ்வளவுதான். காற்றில் உள்ள ஒவ்வொரு வாயுவும் வெயிலில் தனக்கென்று சில நிறங்களைத் தின்றுவிடும். ஓசோன் தின்பது ஒன்று, நைட்ரஜன் டை ஆக்சைடு தின்பது வேறொன்று. கல்யாணப் பந்தியில் இலை எடுக்கிறவர் எந்த இலையில் எது காலி என்று பார்த்தே இங்கே உட்கார்ந்தது யாரென்று சொல்கிற மாதிரி, திரும்பி வந்த வெயிலில் எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, கீழே எது எவ்வளவு இருக்கிறது என்று அது கணக்குப் போடும்.

ஆனால் அத்தனை உயரத்திலிருந்து சொல்வதை எப்படி நம்புவது? அதே நேரத்தில் கீழேயிருந்து ஒருத்தி அதே வானத்தை அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒருத்தி நான். என் கையில் ஒரு கருவி இருந்தது. செங்கல்லைவிடக் கொஞ்சம் சிறியது. அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, ஒளிப்புள்ளி அதன் சின்ன வட்டத்துக்குள் விழுகிறபடி வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால், எவ்வளவு வெயில் காற்றைத் தாண்டிக் கீழே வந்தது என்று எண் காட்டும். கை ஆடக்கூடாது. ஆடினால் எண்ணும் ஆடும், அந்த அளவு குப்பைக்குத்தான் போகும்.

நான் பாதி ஆராய்ச்சியில் இருக்கும்போது வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை. வீடு ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு கிராமம். என் பேராசிரியரிடம் போய், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது சார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “பட்டாசு ஆலைகளுக்கு நடுவிலயா! அங்க இருந்து இதுவரைக்கும் யாரும் அளந்ததே இல்லம்மா. கருவிய எடுத்துட்டுப் போ” என்றார். வாழ்த்து சொல்லவே மறந்துவிட்டார் மனிதர்.

பெண் பார்க்க வந்தவர்களிடம், “உங்க வீட்டுல மொட்டை மாடி இருக்கா?” என்று கேட்ட ஒரே பெண் எங்கள் வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாமா மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னார். “இருக்கு தாயி. சும்மாதான் கெடக்கு. நீ எடுத்துக்கோ.”

அப்படி எனக்கு ஒரு வீடும் ஒரு மாடியும் கிடைத்தன. நேரம்தான் கிடைக்கவில்லை. பேராசிரியர் ஓய்வு பெறப்போகிறார். அவர் இருக்கும்போதே முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறொருவரிடம் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கல்யாணமான பிறகு அப்படி ஆரம்பித்து முடித்த பெண் யாரையும் எனக்குத் தெரியாது. மற்ற மாதங்களுக்கான அளவுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தேன். தீபாவளிக்கு முந்தைய சீசன் மட்டும் பாக்கி. கல்யாணமான வருடம் அந்த மாதம் முழுக்க மேகம். அதனால் அடுத்த வருடத்துப் புரட்டாசியை விட்டால் எனக்கு வேறு வழியே கிடையாது. ஊரெல்லாம் ஆர்டரும் லோடுமாக ஓடுகிற அந்த மாதத்து வானம் என் கையில் விழுந்தால் ஆய்வேடு உண்டு, விழாவிட்டால் எல்லாம் போச்சு.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குப் போர்மேன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் என்று பட்டாசுக்குள் போகிற கலவைக்கு அந்தப் பக்கத்தில் பெயர் மருந்து. வெயில் ஏறினால் மருந்தில் கை வைக்கக்கூடாது. விடிந்ததும் ஆரம்பித்து வெயில் உறைப்பதற்குள் முடித்துவிடுவார்கள். அதனால் மாமா மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார். அத்தனை வருடப் பழக்கத்தில், உச்சி வெயிலில் எந்தப் பொருளும் கிடக்கக் கூடாது அவருக்கு. சைக்கிளை நிழலுக்கு நகர்த்துவார். எண்ணெய் டின்னை நகர்த்துவார். அத்தை காயப் போட்ட வடகத்தைக்கூட உச்சி நேரத்தில் உள்ளே எடுத்து வைத்துவிடுவார். எங்கள் வீட்டு வடகம் என்றைக்கும் முழுசாகக் காய்ந்ததில்லை. பொரித்தால் நடுவில் மெத்தென்று இருக்கும்.

“இந்த மனுசனோட குடும்பம் நடத்துறதுக்கு நெழல்லயே கஞ்சி காச்சணும்” என்பாள் அத்தை.

நான் வந்த புதிதில் மாமா கேட்டார், “மாடியில நின்னு என்ன தாயி பாக்கே?”

எளிமையாகச் சொல்வோம் என்று நினைத்தேன். வாயு, மூலக்கூறு என்றெல்லாம் அளந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் படிப்பைக் காட்டுகிறாள் என்ற பெயர் எதற்கு? “காத்துல என்னென்ன மருந்து எம்புட்டுக் கலந்திருக்குன்னு அளக்கேன் மாமா” என்றேன்.

விருதுநகரில் மருந்து என்றால் மெடிக்கல் ஷாப்பில் வாங்குவது, செடிக்கு அடிப்பது, எலிக்கு வைப்பது. ரசாயனம் எதுவானாலும் எங்களுக்கு அது மருந்துதான். பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் தெற்கே வந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மாமாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். மருமகள் இவ்வளவு பெரிய படிப்பா என்று மலைக்கிறார் போலும் என்று எனக்குள்ளே பூரித்துக்கொண்டேன்.

“அளந்தது எங்கன போகும்?” என்று கேட்டார்.

“இந்தப் பெட்டிக்குள்ளயே இருக்கும் மாமா. மாசக்கணக்காச் சேத்து வச்சு மொத்தமா மதுரைக்குக் கொண்டு போவேன்.”

நான் எண்களைச் சொன்னேன். அவர் மருந்தைக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் இப்போது நினைத்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். தினமும் நான் மாடியேறும் நேரத்தில் மாமா படிக்கட்டின் அடியில் வந்து நிற்பார். ஒரு நாள் இரண்டு சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி மாடியில் கொண்டுவந்து வைத்தார். செடி வளர்க்கத்தான் என்று நினைத்து ஒரு வாளியில் மிளகாய் விதை போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூன்றாவதாக ஒரு வாளி கொண்டுவந்தார். நான் அதிலும் போட்டேன்.

“உள்ள வா தாயி, வெயிலு” என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

“இன்னும் சாட்டிலைட்டு மேல போகல மாமா.”

“எப்பப் போகும் அது?”

“போனதும் வந்துருவேன்.”

கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக இவள் இப்படிக் கையில் மருந்துப் பெட்டியோடு வெயிலில் நிற்கிறாளே என்று அவருக்கு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மனிதர். மருமகளின் வேலையில் தலையிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இரண்டாம் வருடம், ஆவணி. நல்ல வெயில். கருவியை முக்காலியில் பொருத்திச் சூரியனுக்குத் திருப்பி வைத்திருந்தேன். சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டும். நடுவில் கீழே போன் அடித்தது. அத்தை எடுத்து, “ஏத்தா, மதுரையில இருந்து ஒங்க வாத்தியாரு!” என்று கத்தினாள். ஓடினேன். பேராசிரியர் நிதானமாக எல்லாம் விசாரித்தார். கடைசியில், “கருவி எப்படிம்மா இருக்கு?” என்றார்.

“பத்திரமா இருக்கு சார்” என்றேன்.

மாடிக்கு வந்து பார்த்தால் முக்காலியின் மேல் ஒரு ஈரச்சாக்கு. சணல் சாக்கை வாளித் தண்ணீரில் முக்கி, பிழியாமல் அப்படியே கருவியின் மேல் போர்த்தியிருந்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டென்று தரையில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமா வெறுங்காலோடு, காலி வாளியோடு நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பெரிய ஆபத்திலிருந்து வீட்டைக் காப்பாற்றிவிட்ட மாதிரி.

ஐயோ சாமி! சாக்கை இழுத்து எறிந்தேன். கருவியின் சின்னத் திரையில் ஓர் எண்ணும் இல்லை. குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது.

“என்ன மாமா பண்ணி வச்சிருக்கீக! அறிவிருக்கா உங்களுக்கு? யாரக் கேட்டு இதுல கை வச்சீக? ரெண்டு வருசம் மாமா! ரெண்டு வருசமா நான் தின்னாம தூங்காம சேத்தது! இது நம்ம வீட்டுப் பொருளா? வாங்கிக் குடுக்க முடியுமா உங்களால?”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மருமகள் மாமனாரை அறிவிருக்கா என்று கேட்ட சேதி அன்று மாலைக்குள் ஆனைக்குட்டம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

மாமா வாளியைக் கீழே வைத்தார். “உச்சி வெயிலு தாயி. உள்ள அம்புட்டு மாசத்து மருந்து இருக்கு. நீ வேற கீழ போயிட்ட” என்றார்.

“எந்த மருந்து? உள்ள ஏது மருந்து?”

“நீதான தாயி சொன்ன. காத்துல இருக்குற மருந்தெல்லாம் இதுக்குள்ளதான் சேத்து வச்சிருக்கேன்னு.”

என் வாயால் வந்த வினைதான் இது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். நான் ஒப்புக்கொள்வதில்லை. மருந்து என்ற சொல்லை ஒரே அர்த்தத்துக்குக் குத்தகை எடுத்தது அவர்கள் ஊர், நான் இல்லை.

அன்று முழுக்க நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. விளக்கு வைத்த பிறகு அத்தை காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நானும் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் சேலையை ஒதுக்கி இடது கையை நீட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சுருங்கிய தோல். வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அடுப்பில் சுட்டதென்று நினைத்திருந்தேன்.

“கல்யாணத்துக்கு முன்னாடி நானும் ஒங்க மாமாவும் ஒரே கம்பெனி” என்றாள். “நான் காயப் போடுற மேடையில வேலை. ஒரு நா லோடு அவசரம்னு உச்சி வெயில்ல அள்ளச் சொல்லிட்டாக. கையில ஒட்டியிருந்த மருந்து பொசுக்குன்னு புடிச்சிருச்சு. எல்லாரும் ஓடிட்டாக. அங்கன தொட்டியில கெடந்த ஈரச்சாக்க எடுத்துட்டு ஒரு ஆளு என்னையப் பாத்து ஓடி வந்தாரு. என்னையச் சுருட்டித் தரையில போட்டு அமுக்கிக்கிட்டாரு. கண்ணத் தொறந்து பாத்தா ஒங்க மாமா.”

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

“அப்புறம் பொண்ணு பாக்க வந்த ரெண்டு வீட்டாளுகளும் கையப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. மூணாவதா இவரு வந்து நின்னாரு. எங்கப்பாகிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? ‘போத்துன சாக்க நான்தான மாமா எடுக்கணும்’னாரு.” சொல்லிவிட்டு அத்தை வெட்கப்பட்டாள். அந்த வயதில் அந்த முகத்தில் வெட்கத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. “நீ கத்துனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல தாயி. நானா இருந்தா வாளிய எடுத்து அடிச்சிருப்பேன். ஆனா அந்த மனுசன் சாக்கு போடுறது யாரு மேலன்னு தெரிஞ்சுக்கோ.”

மறுநாள் காலையில் நான் கருவியை எடுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பும்போது மாமா வெள்ளை வேட்டி சட்டையோடு வாசலில் நின்றார். வர வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாராம். திருமங்கலத்தில் பஸ் நின்றதும் இறங்கி எனக்கு மட்டும் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

பேராசிரியரின் அறையில் மாமா உட்காரவே இல்லை. “தப்பு என்னுதுங்க ஐயா. புள்ளைய ஒண்ணும் சொல்லாதீக” என்று ஆரம்பித்து, சாக்கு போட்டதை முழுக்கச் சொன்னார். பேராசிரியருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் கருவியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே மின்கம்பிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இது அவ்வளவுதான் என்று உதட்டைப் பிதுக்கினார். பெட்டிக்குள் சேர்ந்ததை மாதாமாதம் கணினியிலும் ஒரு நகல் ஏற்றி வைத்திருந்தேன், கத்துகிற வேகத்தில் அது எனக்கு மறந்துபோயிருந்தது; அதனால் பழைய எண்களுக்குச் சேதமில்லை. ஆனால் சீசன்? புரட்டாசிக்கு எதைக் கொண்டு அளப்பது?

பேராசிரியர் பீரோவைத் திறந்து இன்னொரு கருவியை எடுத்தார். அது வேறொரு மாணவனுக்கு ஒதுக்கியது. என் முக்காலியில் அது பொருந்தாது, கையில் பிடித்துத்தான் அளக்க வேண்டும். “தீபாவளி வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஒரு நாள்கூடத் தர முடியாது” என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாமாவின் பக்கம் திரும்பினார். “ஐயா, எனக்கு ஒரு வாக்குக் குடுங்க. என்ன ஆனாலும் சரி, இனிமே மாடிக்கு ஈரச்சாக்கு போகக் கூடாது.”

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கினார். பிறகு, “போகாதுங்க” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினேன். பச்சை உப்பு போட்டால் வெடி பச்சையாக எரிகிற மாதிரி ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு நிறம் உண்டு, எரிந்து அந்த நிறத்தைக் கக்குவதற்குப் பதிலாக இது அந்த நிறத்தைத் தின்றுவிடும், அந்தக் குறையைத்தான் மேலேயிருந்து பார்க்கிறார்கள் என்றேன். மேலேயிருந்து பார்த்தால் பூமி கட்டம் கட்டமாகத்தான் தெரியும், நம் கம்பெனிகள், சிவகாசி, ஆனைக்குட்டம் அணை எல்லாம் அதற்கு ஒரே கட்டம் என்றேன்.

“அப்ப நம்ம வீடு தனியாத் தெரியாதா?”

“தெரியாது மாமா.”

“இம்புட்டுப் பேரு இருக்கோம், ஒரே கட்டமா?” அவருக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார், “இந்தப் பெட்டிக்குள்ள மருந்து இல்ல?”

“நம்பர் மட்டும்தான் மாமா.”

“சரி தாயி” என்று தலையாட்டினார். ஆனால் புத்திக்குப் புரிந்தது உடம்புக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகும் நான் மாடியேறினால் அவர் படிக்கட்டில் வந்து நின்றார். கையில் சாக்கு இல்லாததால் துண்டை முறுக்கிக்கொண்டே நிற்பார்.

புரட்டாசி பிறந்தது. அந்த வருடம்தான் சிக்குன்குனியா வந்து ஊரையே முடக்கிப் போட்டது. தெருவில் ஆளாளுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சீசன் நேரத்தில் கம்பெனிகளுக்குப் பாதி ஆள் வரவில்லை. என் வீட்டுக்காரர் காலண்டர் வேலைக்காக அச்சகத்திலேயே கிடந்தார். வரக்கூடாத நேரம் பார்த்து அது எனக்கும் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டுக்கெல்லாம் பூட்டுப் போட்டுவிட்டது. விரலை மடக்க முடியவில்லை. டம்ளரைத் தூக்க முடியவில்லை.

அதுவரை மேகமும் வெயிலுமாகக் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்த வானம், நான் படுத்த பிறகு துடைத்துவிட்ட மாதிரி ஆனது. ஒரு மேகம் கிடையாது. ஜன்னல் வழியாக அந்த நீலத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் சில நாளில் மழை மேகம் வந்துவிடும், தீபாவளி வந்துவிடும், கருவி போய்விடும். படிக்கட்டு வரைக்கும் தவழ்ந்தேன். இரண்டாவது படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நாசமாப் போன கொசு, நாசமாப் போன வானம், நாசமாப் போன படிப்பு என்று வாயில் வந்ததை எல்லாம் வைதேன்.

மாமா வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “எப்பிடிப் புடிக்கணும்னு சொல்லிக் குடு தாயி. நான் எடுக்கேன்.”

“நீங்களா? உச்சி வெயில்லயா?”

“சொல்லிக் குடு.”

கூடத்தில் உட்கார்ந்தே சொல்லிக்கொடுத்தேன். எப்படித் திருப்ப வேண்டும், புள்ளி எங்கே விழ வேண்டும், எந்தப் பொத்தான். கை அசையாமல் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும், அதனால் வருகிற எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னேன். வெயில் ஏறியதும் மருந்தைத் தொடாத அந்தக் கை கருவியை எடுத்துக்கொண்டு மேலே போனது.

கீழே படுத்திருந்த எனக்கு அவர் குரல் மட்டும் கேட்டது. “சைபர், ஏளு, ரெண்டு.” சற்றுக் கழித்து, “சைபர், மூணு, ஒம்பது.” அதற்கும் பிறகு, “ஒண்ணு, ஒண்ணு, நாலு.” ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. வானம் ஒரே வானம்தான், கைதான் ஆடுகிறது. அவர் இறங்கி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“ஆடுது தாயி” என்றார். “வெயில்ல நின்னதும் தன்னால ஆடுது. நிறுத்திப் பாத்தேன், முடியல.”

பரவாயில்லை மாமா என்று சொன்னால் அது பொய். என் சீசன் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாளும் அதே சுத்தமான வானம். மாமா சாப்பிட்டும் சாப்பிடாமலும் எழுந்தார். கருவியை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் நின்றார், ஏறவில்லை. அத்தை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சாக்க நனைச்சுத் தரட்டா? பக்கத்துல கெடந்தா ஒங்களுக்குத் தெம்பா இருக்கும்” என்றாள்.

“வேண்டாம். வாத்தியாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

அத்தை கையைக் கழுவினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். “அப்ப சாக்குக்குப் பதிலா நான் வாரேன். நடங்க” என்றாள்.

நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை உச்சி வெயிலில் மாடியேறி நான் பார்த்ததில்லை. காயப் போடுவதெல்லாம் காலையில், எடுப்பதெல்லாம் சாயங்காலம். இரண்டு பேரின் காலடிச் சத்தமும் மேலே போவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அத்தையின் குரல் வந்தது. “ஆட்டாதீக. இந்தா, எங்கையப் புடிச்சுக்கோங்க. இந்தக் கைய இல்ல, வெந்த கைய. ஆங். நான்தான் இருக்கேன்ல.”

“சைபர், நாலு, ஒண்ணு” என்றார் மாமா.

நான் தலையைத் தூக்கிக் கேட்டேன்.

“சைபர், நாலு, ஒண்ணு.”

“என்ன, அதேதான் திரும்பவும் வருது?” என்று அத்தை கேட்டாள். “கெட்டுப் போச்சா?”

“ஏய், சும்மா இரு. அதேதான் வரணுமாம். சைபர், நாலு, ரெண்டு.”

என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் அந்த இரண்டு பேரும் பிடித்த எண்கள்தான். செயற்கைக்கோள் எங்கள் கட்டத்துக்குச் சொன்ன அளவும் அவர்கள் சொன்ன அளவும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஆனால் அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குக் கண்ணீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை வரவில்லை. போதுமான அளவு கிடைத்ததும் பயம் வந்துவிட்டது எனக்கு. அவருக்கும் வயதாகிறது, அவளுக்கும் வயதாகிறது, வெயில் கொளுத்துகிறது.

“போதும் மாமா! ரெண்டு பேரும் கீழ வாங்க!” என்று படுத்தபடியே கத்தினேன்.

“இரு தாயி” என்று மேலேயிருந்து மாமாவின் குரல் வந்தது. “இன்னும் ஒண்ணு எடுத்துக்கிறோம்.”

அவர்கள் இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று.